பிரைட்டனில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? மருத்துவமனை வேலை, இயர் 6 போகும் மகள், கார் இல்லை

மதுரைமல்லி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இப்ப லெஸ்டர்ல இருக்கோம். ஆகஸ்ட்ல பிரைட்டனுக்கு மாறணும். ராயல் சசெக்ஸ் கவுண்டி மருத்துவமனையில எனக்கு நர்ஸ் வேலை உறுதியாயிருச்சு. வீட்டுக்காரர் ஐடி. வாரத்துல ரெண்டு நாள் லண்டன் பிரிட்ஜ் பக்கத்துல ஆபீஸ், மத்த நாள் வீட்டுலருந்து வேலை. மக இயர் 5 முடிக்கப் போறா, செப்டம்பர்ல இயர் 6. கார் இல்ல. குளிர்காலத்துல மாமியார் விசிட் விசாவுல வர்றாங்க. அவங்களுக்கு மூட்டுவலி, படி ஏறி இறங்கறது கஷ்டம்.

வீடு தேடற ரைட்மூவ் தளத்துல பாத்துப் பாத்துக் குழம்பிட்டேன். கேட்டவங்க எல்லாரும் "ஹோவ் போங்க, அதுதான் நல்ல ஏரியா"ங்கறாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல. ஹோவ்ல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, வெள்ளை வெளேர்னு தூண் வச்ச பழைய கட்டடத்துல கீழ்த்தளத்து ஃப்ளாட் ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு பெட்ரூம், அந்தத் தெருவுல மத்ததை விட வாடகை நல்லாவே கம்மி. படத்துல ரொம்ப அழகா இருக்கு. அதை எடுக்கலாமா? இல்ல மருத்துவமனைக்குப் பக்கத்துல கெம்ப்டவுன்லயே பாக்கறதா? பேட்சம், வொர்திங்னும் சொல்றாங்க. அங்கேயே இருக்கறவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

ஹோவ்வாசி:

புது வேலைக்கு வாழ்த்துகள். ஊர் எப்படிக் கிடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது பிடிபட்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

தெற்கே கடல், வடக்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள். நடுவில் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதுதான் பிரைட்டனும் ஹோவும். தனித்தனி ஊர்களாக இருந்து 1997-இல் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தவை. மேற்கே ஹோவில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே தரை சமமாக இருக்கும். தள்ளுவண்டி, மூட்டுவலி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் அது பெரிய வசதி. ஹோவை எல்லோரும் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடுவில் ஓல்ட் ஸ்டீன், அங்கிருந்து வடக்கே லண்டன் ரோடு, லூயிஸ் ரோடு என்று இரண்டு பள்ளத்தாக்குகள். லூயிஸ் ரோட்டுக்குக் கிழக்கே போனால் மேடுதான். ஹானோவர் பகுதியில் வீடுகள் வரிசையாக நீலம், மஞ்சள், ரோஜா என்று வண்ணம் பூசி இருக்கும், பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் சவுத்ஓவர் ஸ்ட்ரீட்டில் காய்கறிப் பையோடு ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்ம் குரோவும் அப்படியே.

உங்கள் மருத்துவமனை ஈஸ்டர்ன் ரோட்டில், ஊரின் கிழக்குப் பாதியில் இருக்கிறது. ஹோவிலிருந்து அங்கே போக 1, 7 ஆகிய இரண்டு பஸ்களும் நேராகப் போகும். இதில் 7-ஐ நன்றாகக் கவனியுங்கள். ஹோவில் கிளம்பி, ஹோவ் ரயில் நிலையம், பிரைட்டன் ரயில் நிலையம், ஓல்ட் ஸ்டீன், உங்கள் மருத்துவமனை, அப்புறம் மரீனா. உங்கள் இருவருடைய வேலையும் ஒரே பஸ் பாதையில் அமைகிறது. முதலில் இந்தப் பாதையை வரைபடத்தில் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் பாருங்கள். கடல் தெரிகிறதா என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டியவருக்கு டிசம்பர் மாதத்தில் வீட்டிலிருந்து கடல் தெரியாது, இருட்டுதான் தெரியும். கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அந்த நேரத்தில் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை எப்படி இருக்கிறது, தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கிறதா, தெருவிளக்கு இருக்கிறதா என்பதுதான் தினமும் உங்களைப் பாதிக்கும்.

வடமராட்சியான்:

தங்கச்சி, நான் கனகாலமா கெம்ப்டவுன் பக்கம்தான் இருக்கிறன். மேலை எழுதினவர் சொன்னது சரி, ஆனா ஹோவில இருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ் எண்டால் நோர்த் ஸ்ட்ரீட்டைத் தாண்டித்தான் வரவேணும். நெரிசல் நேரத்தில அரை மணித்தியாலத்துக்கு மேலை எடுக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்துபோட்டு, அந்தச் சனத்துக்குள்ள பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறது லேசில்லை. இரவு வேலை முடிச்சு வாற ஆக்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

அதால ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்தில வீடு பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். சென் ஜோர்ஜஸ் ரோட் பக்கம் கடை கண்ணி எல்லாம் இருக்கு. கடற்கரை கிட்ட. குவீன்ஸ் பார்க் நல்ல இடம், பிள்ளையள் விளையாடப் பெரிய பார்க், குளம், தாராக்கள். ஆனா ஏத்தம் இருக்கு, அதை மறைக்கேல்லை. மரீனாவில புது அடுக்குமாடி வீடுகள் இருக்கு, லிஃப்ட் இருக்கு, பெரிய அஸ்டா கடை காலடியில. 7-இல ஏறினால் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச நேரம்தான். காத்துத்தான் அங்கை பிரச்சினை. குளிர்காலத்தில கடல் சுவருக்கு மேலால அடிக்கும்.

ஒண்டு சொல்லவேணும். ஆஸ்பத்திரிக்கு அங்காலை வைட்ஹோக் எண்டு ஒரு இடம். கவுன்சில் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிற வீடுகள் நிறைய. "அங்கை போகாதையுங்கோ" எண்டு கன பேர் சொல்லுவினம். அப்பிடிச் சொல்லுற ஆக்களில அங்கை ஒருநாளும் காலடி வைக்காதவையும் இருக்கினம். என்ரை வார்டில வேலை செய்யிற பிள்ளையள் அங்கைதான் இருக்கினம், நிம்மதியாத்தான் இருக்கினம். ஏரியாப் பெயரைக் கேட்டு ஓடாமல், தெருவைப் போய்ப் பாருங்கோ. பின்னேரம் ஒருக்கா, இரவு பத்து மணிக்கு ஒருக்கா.

செங்கல்சுண்ணாம்பு:

வீடுகளை ஆய்வு செய்வதுதான் என் தொழில். ஹோவ், பிரைட்டன், லூயிஸ் எல்லாப் பக்கமும் போகிறேன். மல்லி சொன்ன அந்தக் கீழ்த்தளத்து ஃப்ளாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைத் தூண் கட்டடங்கள் பெரும்பாலும் 1820-களிலும் அதை ஒட்டியும் எழுந்தவை. வெளியே வழவழவென்று பூச்சு, பார்த்தால் கல்லால் கட்டியது போலத் தெரியும். உள்ளே பல இடங்களில் இருப்பது 'பங்கரூஷ்'. சுண்ணாம்புக் கலவைக்குள் கடற்கரைக் கூழாங்கல், சக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், கையில் கிடைத்த இடிபாடு எல்லாவற்றையும் போட்டு அச்சுக்குள் நிரப்பி எழுப்பிய சுவர். இந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறவரை அப்படி மூச்சு விட்டுக்கொண்டே இருநூறு வருஷம் நிற்கும். பின்னால் வந்தவர்கள் சிமெண்ட் பூசி, உள்ளே ஜிப்சம் பிளாஸ்டர் அடித்து, அதன்மேல் வினைல் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். பெயிண்ட் கொப்புளிக்கும், உப்பு பூக்கும், அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சணம் படரும்.

கீழ்த்தளம், அதாவது தெருமட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மெண்ட் என்றால் இது இரண்டு மடங்கு. மூன்று பக்கமும் மண்ணோடு ஒட்டிய சுவர். வெயில் விழாது. நம் வீடுகளில் இட்லி அவிப்போம், குக்கர் வைப்போம், துணியை உள்ளேயே கொடியில் காயப்போடுவோம். அவ்வளவு நீராவியும் அந்தக் குளிர்ந்த சுவரில்தான் போய் உட்காரும். ஏஜெண்ட் வந்து "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பார். ஜனவரியில் யார் திறந்து வைப்பது?

இன்னொன்று: இந்தக் கட்டடங்களில் பல பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பவை. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஒற்றைக் கண்ணாடி சாஷ் ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போட வீட்டு உரிமையாளர் நினைத்தாலும் தனி அனுமதி வேண்டும். பிரன்ஸ்விக் சதுக்கம், பால்மேரா சதுக்கம் போன்ற இடங்களில் முகப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரே நிறத்தில் பூச வேண்டும் என்று 1976-ஆம் வருஷத்து ஹோவ் சட்டமே இருக்கிறது. வெளியே எப்போதும் பளபளப்பாகத் தெரிவதற்குக் காரணம் அது. உள்சுவருக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை.

கடல் உப்பு பழைய கட்டடத்தை மட்டும் தின்னும் என்று நினைக்க வேண்டாம். கடலோரத்தில் எம்பஸி கோர்ட் என்று ஒரு கட்டடம், வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்து 1935-இல் எழுந்தது, அந்தக் காலத்து நவீனக் கட்டடக் கலைக்கே உதாரணமாகச் சொல்வார்கள். கான்கிரீட்டும் இரும்பு ஜன்னலும் உப்புக் காற்றில் சிதைந்து பல வருஷம் பரிதாபமாக நின்றது. குடியிருப்பவர்களே முன்னின்று 2005 வாக்கில் மீட்டெடுத்தார்கள். இன்று போய்ப் பார்த்தால் கண் நிறையும்.

பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். வாசலில் நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். வாசனை மெழுகுவத்தியோ ரூம் ஸ்ப்ரேயோ பலமாக அடித்தால் இன்னொரு தடவை வந்து பார்க்கக் கேளுங்கள். பெட்ரூம் அலமாரியைத் திறந்து பின்சுவரைக் கையால் தொடுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரில் புதுப் பெயிண்ட் மட்டும் தனியாகத் தெரிகிறதா பாருங்கள். குளியலறையிலும் அடுப்படியிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே காற்றைத் தள்ளுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்று ஒரு டிஷ்யூவைப் பிடித்துப் பாருங்கள். மூலையில் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் நின்றால் அதுவே பதில்.

உங்கள் மாமியாருக்கு மூட்டுவலி என்றீர்கள். அந்தக் கீழ்த்தளங்களுக்கு நடைபாதையிலிருந்து செங்குத்தான கல் படி இறங்கும். மழையில் பாசி வழுக்கும். அந்த ஒரு காரணமே போதும், வேண்டாம் என்பேன்.

மதுரைமல்லி:

படி விஷயம் எனக்குத் தோணவே இல்ல. படத்துல படியே காட்டல. அதை லிஸ்ட்லருந்து எடுத்துட்டேன். ரொம்ப நன்றிண்ணே.

மகளோட பள்ளிக்கூடம் பத்தி யாராவது சொல்லுங்க. அடுத்த வருஷம் இயர் 7, செகண்டரி ஆரம்பம். இதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது.

நெல்லைத்தாய்:

வாங்க மல்லி. என் மூத்தவன் இங்க செகண்டரியில படிக்கான், அதனால இந்த விஷயம் எனக்கு நல்லாத் தெரியும்.

இயர் 7-க்கு விண்ணப்பிக்க கடைசி நாள் அக்டோபர் 31. இடம் எங்கன்னு தெரியறது மார்ச் 1. அதாவது நீங்க ஆகஸ்ட்ல வந்து, அக்டோபருக்குள்ள கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தமும் அந்த முகவரிக்கு ஆதாரமும் கையில வச்சிருக்கணும். அந்த நாளுக்கு அப்புறம் ஏரியா மாறினா சிக்கல். அதனால "முதல்ல எங்கயாவது தங்கிட்டு மெதுவா பாப்போம்"ங்கறது உங்களுக்கு ஒத்து வராது.

இந்த ஊர்ல ஒரு தனி முறை இருக்கு. லெஸ்டர்ல பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு கிட்ட வீடு இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு பாத்திருப்பீங்க. இங்க கவுன்சில் பள்ளிக்கூடங்களுக்கு ஊரைப் பகுதி பகுதியா பிரிச்சிருக்காங்க. உங்க பகுதிக்குள்ள இடத்தை விடப் பிள்ளைங்க அதிகமா இருந்தா குலுக்கல்ல எடுப்பாங்க. தூரம் கணக்குல வராது. 2008 சேர்க்கையிலருந்து இப்படித்தான். வீட்டு வாடகையில இதுக்குப் பெரிய அர்த்தம் இருக்கு. டோரதி ஸ்ட்ரிங்கர், வார்ன்டீன் ரெண்டு பள்ளிக்கூடமும் ஒரே பகுதி, பிரஸ்டன் பார்க், ஃபைவ்வேஸ் பக்கம். அந்த கேட்டுக்குப் பக்கத்துலயே வீடு வேணும்னு கூடுதலா கொட்டிக் குடுக்க வேண்டியதில்ல, எல்லைக்கோட்டுக்கு உள்ள இருந்தாப் போதும். ஹோவ் பக்கம் பிளாச்சிங்டன் மில்லும் ஹோவ் பார்க்கும் ஒரே பகுதி. பேட்சத்துக்கு பேட்சம் ஹை.

கிழக்குப் பக்கம், அதாவது கெம்ப்டவுன், வைட்ஹோக் எல்லைகளை அண்மையில மாத்தி அமைச்சிருக்காங்க. அதனால அங்க வீடு பாத்தீங்கன்னா யார் பேச்சையும் கேக்காதீங்க, என் பேச்சையும் சேத்துத்தான். கவுன்சில் தளத்துல அந்த வீட்டு போஸ்ட்கோடைப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. ரைட்மூவ்ல வீட்டுக்குக் கீழ காட்டற பள்ளிக்கூடப் பட்டியல் வெறும் தூரத்தைத்தான் சொல்லும், சேர்க்கையைச் சொல்லாது.

கத்தோலிக்கக் குடும்பமா இருந்தா கார்டினல் நியூமன் இருக்கு, அதுக்குத் தனி விதிமுறை. இயர் 6 ஒரு வருஷத்துக்கு மட்டும் சேக்கறதை நினைச்சுப் பயப்படாதீங்க. இங்க பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது, பிரைமரியில இடம் காலியா இருக்கு.

சசெக்ஸ்மாணவன்:

அக்கா, நானுங்க ஃபால்மர்ல இருக்கற யூனிவர்சிட்டியில படிக்கறேன், லூயிஸ் ரோட்ல தங்கியிருக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேங்க. மோல்ஸ்கூம், பெவன்டீன், லூயிஸ் ரோடு பக்கம் மூணு பெட்ரூம் வீடு வாடகை ஒத்துவர்ற மாதிரி தெரியும். அதெல்லாம் பெரும்பாலும் எங்களை மாதிரி அஞ்சாறு பசங்க சேர்ந்து எடுக்கற வீடுங்க. சுத்தி 50 மீட்டர் தூரத்துக்குள்ள பத்துல ஒரு பங்குக்கு மேல இந்த மாதிரி வீடு வரக்கூடாதுன்னு கவுன்சில் புதுசுக்குக் கட்டுப்பாடு வச்சிருக்குது, ஆனா முன்னாடியே இருக்கறது அப்படியே இருக்குதுங்க. நைட் டூட்டி முடிச்சு நீங்க பகல்ல தூங்கணும். பக்கத்து வீட்டுல நாலு பசங்க பாட்டுப் போட்டா எப்படித் தூங்குவீங்க? செப்டம்பர் கடைசியில புதுப் பசங்க வர்ற நேரம் ரொம்ப சத்தங்க.

வொர்திங்காரர்:

நான் சொல்வதைப் பலர் ஏற்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். வொர்திங் வாருங்கள். பிரைட்டனிலிருந்து ரயிலில் 25 நிமிடம் மாதிரி. ஊர் முழுக்கச் சமதளம். அதே வாடகைக்கு ஒரு அறை கூடுதலாகவோ, பின்னால் சின்னத் தோட்டமோ கிடைக்கும். தோட்டத்தில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் போட்டிருக்கிறோம், கோடையில் நன்றாக வருகிறது. கடற்கரை பிரைட்டனைப் போலக் கூழாங்கல்தான், ஆனால் கடல் உள்வாங்கும்போது மணல் தெரியும், குழந்தைகள் ஓடலாம். வொர்திங் மருத்துவமனையும் உங்கள் மருத்துவமனையும் 2021 முதல் ஒரே என்ஹெச்எஸ் டிரஸ்ட் நிர்வாகத்துக்குள் இருக்கின்றன. ஒரு வருஷம் கழித்து இங்கேயே இடமாற்றம் கேட்டுப் பார்க்கலாம்.

விடுமுறை வாரக்கடைசிகளில் பிரைட்டனில் மூச்சு விட முடியாது. ஆகஸ்டில் பிரைட் ஊர்வலம், ஏப்ரலில் மாரத்தான், ஜூனில் லண்டனிலிருந்து வரும் சைக்கிள் சவாரி, வெயிலடித்தால் எல்லா ஞாயிறும். பஸ் பாதை மாறும், ரயிலில் ஏற முடியாது. உங்களுக்கோ ஞாயிறும் வேலை.

வடமராட்சியான்:

வொர்திங் நல்ல ஊர்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனா ரயில், பிறகு பிரைட்டன் ஸ்டேஷனில இறங்கி பஸ். ரெண்டில ஒண்டு பிழைச்சால் வேலைக்குப் பிந்தும். ரயில் வேலைநிறுத்தம், ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத் திருத்தம் எல்லாம் வரும். ஏழரைக்கு நிக்கவேண்டிய பிள்ளைக்கு ஏன் இந்தத் தலையிடி? வொர்திங் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்ச பிறகு வொர்திங் போகட்டும்.

ஹோவ்வாசி:

இதில் நான் வடமராட்சியாருடன் முழுக்க ஒத்துப்போகிறேன்.

பேட்சத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. நகரத்தின் வடக்கு முனை, குன்றின் அடிவாரம். தோட்டத்தோடு தனி வீடு, அமைதி, நல்ல பள்ளி. பஸ்ஸில் ஓல்ட் ஸ்டீன் வந்து மாற வேண்டும். சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் ஏறி நிலத்தடியிலிருந்தே வெள்ளம் வந்த இடம் அது, 2000 இலையுதிர்காலத்தில் பலருடைய வீட்டுக்குள் தண்ணீர். அங்கே தாழ்வான தெருவில் பார்த்தால் அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் நிலத்தடி நீர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறைதான் நமக்குக் குடிநீரும் தருகிறது. அதனால் இங்கே தண்ணீர் கடினம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேக நேரமாகும். குடிக்க ஒன்றும் கெடுதல் இல்லை.

எங்கே குடியேறினாலும் பேட்சத்துக்கு மேலே குன்றில் இருக்கும் சத்ரிக்கு ஒரு நாள் குடும்பத்தோடு நடந்து போய் வாருங்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கே ராயல் பெவிலியன் அரண்மனையையே மருத்துவமனையாக்கினார்கள். இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை அந்தக் குன்றில்தான் எரியூட்டினார்கள். 1921-இல் வெள்ளைப் பளிங்கில் மண்டபம் எழுப்பினார்கள். இந்த ஊரில் நம் நாட்டவர்க்கு மருத்துவம் நடந்த வரலாறு அவ்வளவு பழையது. இன்று நீங்கள் நர்ஸாக வருகிறீர்கள், மகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

மதுரைமல்லி:

கட்டாயம் போறோம்.

பணம் பத்தி ஒரு கேள்வி. ஒரு ஏஜெண்ட் போன்ல, மாச வாடகையைப் போல முப்பது மடங்கு வருஷச் சம்பளம் இருக்கணும்ங்கறார். நாங்க பாக்கற வீடுங்க 1,700 பவுண்டு பக்கம். என் சம்பளம் மட்டும்னா எட்டவே எட்டாது. இன்னொருத்தர் ஆறு மாச வாடகையை மொத்தமா முன்னாடியே குடுத்தா பாக்கலாம்ங்கறார். இதெல்லாம் சரியா?

ஹோவ்வாசி:

முப்பது மடங்கு என்பது ஏஜெண்டுகள் பரவலாக வைத்திருக்கும் கணக்கு, சட்டம் இல்லை. 1,700 என்றால் வருஷம் 51,000 வருமானம் காட்ட வேண்டும். நர்ஸ் வேலைக்கான பேண்ட் 5 என்ற சம்பளப் படியின் தொடக்கச் சம்பளம் 30,000-க்குச் சற்று மேல், தனியாகப் போதாது. உங்கள் கணவர் சம்பளத்தையும் சேர்த்து இருவர் பெயரிலும் விண்ணப்பியுங்கள்.

ஆறு மாதம் மொத்தமாகக் கேட்டவரிடம் மரியாதையாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நடைமுறை. அதன்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட தொகைக்கு மேல் ஏற்றி வாங்கவும் கூடாது. டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை, வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை, இவை 2019 சட்டத்திலேயே இருக்கின்றன. டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்கு எழுத்தில் விவரம் தர வேண்டும். வீடு ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். ஒரு வருஷம் கட்டிப்போட முடியாது. விசா ஆதாரத்துக்கு ஷேர் கோட், அதாவது உங்கள் விசா நிலையை ஏஜெண்ட் ஆன்லைனில் சரிபார்க்க உதவும் குறியீடு, எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சில் வரி வாடகையில் சேராது, தனி. ஒவ்வொரு வீட்டுக்கும் வரி எந்தப் பேண்ட் (வரிப் பிரிவு) என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கணவருக்கு: பிரைட்டனிலிருந்தும் பிரஸ்டன் பார்க்கிலிருந்தும் தேம்ஸ்லிங்க் ரயில் லண்டன் பிரிட்ஜுக்கு நேராகப் போகும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஹோவிலிருந்து நேர் ரயில்கள் பெரும்பாலும் விக்டோரியாவுக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் என்பதால் 28 நாளில் 8 நாள் போகும் ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழியில் ஈஸ்ட் கிராய்டன் நிற்கும். அரிசி, முருங்கைக்காய், வாழையிலை எல்லாம் வாங்கி வர அதுதான் வழி. கோயிலுக்கு விம்பிள்டன் போகலாம்.

நெல்லைத்தாய்:

கிராலி இன்னும் கிட்ட, அங்கயும் நம்ம சாமான் கிடைக்கும். மொத்தமா அரிசி மூட்டைக்கு நாங்க அங்கதான் போறோம்.

மதுரைமல்லி:

சனி ஞாயிறு வந்து பாத்துட்டுப் போனோம். எல்லாரும் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தேன், அதனால நிதானமா பாக்க முடிஞ்சது.

கெம்ப்டவுன்ல ஒண்ணு, மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. ஜன்னல்ல கடல் தெரிஞ்சது, மக அங்கேயே நின்னுட்டா. ஆனா மாமியார் ஒரு தடவை ஏறினா கீழ இறங்க மாட்டாங்க. ஜன்னல் சட்டம் உப்புல அரிச்சுப் போயிருந்துச்சு, காத்து உள்ள வந்துச்சு.

குவீன்ஸ் பார்க்ல ஒரு வீடு. பார்க் அவ்வளவு நல்லா இருக்கு. மருத்துவமனைக்கு நடந்தே போயிட்டேன், போறப்ப சுகம். திரும்ப ஏறறப்பதான் தெரிஞ்சது. பெட்ரூம் அலமாரியைத் திறந்து தொட்டுப் பாத்தேன், சுவர் காஞ்சிருந்துச்சு. அது எங்க ரெண்டாவது விருப்பம்.

மூணாவது, ஹோவ் ஸ்டேஷன்லருந்து தெற்க கொஞ்சம் தள்ளி, 1970-கள்ல கட்டின மாதிரி சாதாரண செங்கல் கட்டடம். முதல் மாடி, லிஃப்ட் உண்டு. இரட்டைக் கண்ணாடி ஜன்னல். பாக்க ஒரு அழகும் இல்ல, கடலும் தெரியல, பின்னாடி கார் நிறுத்தற இடம்தான் தெரியுது. 7 நிறுத்தம் தெரு முனையில. கணவருக்கு அந்த பஸ்ஸே பிரைட்டன் ஸ்டேஷன் போகுது. போஸ்ட்கோடைப் போட்டுப் பாத்தேன், பிளாச்சிங்டன் மில், ஹோவ் பார்க் பகுதிக்குள்ள வருது. கீழ் வீட்டு அம்மா ஒருத்தங்க வாசல்ல நின்னு பேசினாங்க, குளிர்காலத்துல ஹீட்டர் போட்டா சூடு நிக்கும்னாங்க. இந்த வீட்டுக்குத்தான் விண்ணப்பிச்சிருக்கோம். வாடகை 1,750.

வடமராட்சியான், நீங்க சொன்ன நடைதூரம் கிடைக்கல. கோவிச்சுக்காதீங்க.

வடமராட்சியான்:

ஏன் கோவிக்கிறன்? மாமியாரையும் பிள்ளையையும் யோசிச்சு எடுத்திருக்கிறியள், அது சரி. நானெண்டால் நடைதூரத்தில இருக்கிற வீட்டைத்தான் எடுத்திருப்பன், ஆனா என்ரை வீட்டில மூட்டுவலிக்காரர் இல்லை.

செங்கல்சுண்ணாம்பு:

அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்களை யாரும் புகழ்வதில்லை. நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், இரட்டைக் கண்ணாடி, நிலத்திலிருந்து ஒரு மாடி மேலே. குடியிருக்க நல்ல தேர்வு. சாவி வாங்கும் அன்று ஏஜெண்ட் தரும் பொருள் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்துவிடுங்கள், மின்சார மீட்டர் எண்ணையும் சேர்த்து. மொட்டைமாடியில் கடற்புறாக் கூடு இருக்கிறதா என்று கேளுங்கள். கூடு கட்டிவிட்டால் 1981-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி தொடக் கூடாது, மே முதல் ஜூலை வரை விடியற்காலை நாலு மணிக்கே கத்தும். பகலில் தூங்குகிறவர் பின்பக்க அறையை எடுத்துக்கொள்வது நல்லது.

மதுரைமல்லி:

பெரிய பெட்ரூம் தெருப்பக்கம், சின்னது பின்பக்கம். அப்ப சின்னதை நாங்க எடுத்துக்கறோம். கடைசியா ஒண்ணு: ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்குப் போக முதல் பஸ் கிடைக்குமா?

ஹோவ்வாசி:

ஞாயிறு கால அட்டவணை வேறு, காலையில் பஸ் குறைவு. பஸ் நிறுவனத்தின் செயலியில் தேதியை ஒரு ஞாயிறாக மாற்றி, உங்கள் நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை என்று போட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் முடியும் முன்பே பாருங்கள். 7 ஒத்துவராவிட்டால் சர்ச் ரோடு வரை நடந்து 1 கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

வடமராட்சியான்:

ஹோவில இருந்து வாற நர்ஸ் பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு மூண்டு பேர் சேர்ந்து டக்சி பிடிச்சு வாறவை. வேலை துவங்கின முதல் கிழமையே வார்டில கேளுங்கோ, ஆர் ஆர் ஹோவ் பக்கம் எண்டு. நானும் ஒருக்கா விசாரிச்சு வைக்கிறன்.